அண்ணன் வண்டிக்கு நான் பார்த்த வேலை

பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ஊருக்கு வருகிறவனுக்கு முதல் ஆறு மாதம் நல்ல மரியாதை இருக்கும். கல்யாண வீட்டில் முன்வரிசையில் இடம் போடுவார்கள். டீக்கடையில் நம் கையில் பேப்பரைக் கொடுத்து, எல்லையில் என்ன நடக்கும் என்று நம்மிடமே கேட்பார்கள். ஏழாவது மாதம் நாமும் ஊர்க்காரன் ஆகிவிடுவோம். ரேஷன் கடை வரிசையில் பையைப் போட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். அந்த ஏழாவது மாதத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் அண்ணனின் பிக்கப் வண்டியில் கை வைத்தேன். வண்டி மேல் இருந்த அக்கறை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்.

நான் துப்பாக்கி பிடித்துச் சண்டைக்குப் போனவன் இல்லை. இருபத்துநான்கு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் கிடந்தவன். ஊருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நானும் தெரியப்படுத்தவில்லை. 'மிலிட்டரி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சுரண்டையில் ஒருவரிடம் மூன்றாவது கையாக வாங்கிய பிக்கப் ஒன்றை வைத்திருந்தார். புளியங்குடியில் ஒரு கமிஷன் கடையில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக கேரளாவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். வாரத்துக்கு நான்கு நடை. அந்த ஒரு வண்டிதான் அவருக்குப் பிழைப்பு. பிழைப்பு என்பதைவிட, யாரிடமும் கைகட்டி நிற்காமல் இருப்பதற்கு அவருக்கு அது ஒன்றுதான் வழி. சின்ன வயதில் பதினைந்து வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டி, அடுத்தவன் பேச்சைக் கேட்டு, பிறகு சொந்தமாக ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அவர். 'எனக்கு நான்தான் ஓனர்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடுகள் எங்களுக்கு. முன்பக்கம் அண்ணன் வீடு, பின்பக்கம் என் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு வேப்பமரம், அதன் அடியில் வண்டி. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். எண்ணெய் ஒழுகிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நிற்கும். எனக்குக் கை அரிக்கும்.

முதலில் செய்தது பவர் ஸ்டியரிங். அண்ணனுக்கு வலது தோளில் வலி. ஆரியங்காவு வளைவுகளில் லோடோடு ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று மதினி சொன்னாள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் அலைந்து, அதே மாதிரி வண்டியின் பவர் ஸ்டியரிங் பெட்டி, பம்பு, குழாய் எல்லாம் தேடிப் பிடித்து நானே மாட்டினேன். நான்கு நாள் வேலை. நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். முதல் நடை போய்விட்டு வந்த அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மதினியிடம் சொன்னது என் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டது.

"கை நோவே இல்ல கேட்டியா. ஒத்த விரலால திருப்புதேன். அவன் கை கைதான்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் சும்மா நிற்க விடவில்லை. பின்னால் இருந்த பலகைத் தளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரும்புத் தகடு அடித்தேன். சீட்டைக் கழற்றி ஸ்பஞ்சு மாற்றினேன். சஸ்பென்ஷன் பட்டைகளைப் பிரித்து, தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டினேன். கியர் பாக்ஸை ஒரு காரணமும் இல்லாமல் இறக்கினேன். "ஓடுத வண்டிய எதுக்குலே பிரிக்க?" என்று அண்ணன் கேட்பார். "கெட்ட பொறவு பிரிக்கது சிவிலியன் பழக்கம். கெடுததுக்கு முன்னால பிரிக்கணும்ணே," என்பேன். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். நடையை ஒருநாள் தள்ளிப் போடுவார். நான் பிரித்த வண்டிக்காக அவர் தள்ளிப் போட்ட நடைகள் எத்தனை என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை. காம்பவுண்டு ஓரம் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் கண்ணில் பட்டார்கள்.

எல்.இ.டி. விளக்கு மாட்டியதை மட்டும் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. மலைப்பாதையில் எதிரே வந்த லாரிக்காரன் கண் கூசி, வண்டியைக் குறுக்கே நிறுத்தி, மலையாளத்தில் அவர் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருக்கிறான். பழைய பல்பையே போட்டுவிடு என்று அண்ணன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நான் போட்டேன். போட்டுவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவர்தான் அல்வாப் பொட்டலத்தோடு என் வாசலுக்கு வந்தார். "ஏலே, கோவமா இருக்கியோ?" என்றார். வண்டிக்குச் சொந்தக்காரர், தன் வண்டியைக் கெடுத்தவனைச் சமாதானம் செய்ய வந்தார். நானும் பெரிய மனசு பண்ணி அல்வாவை வாங்கிக்கொண்டேன்.

பிறகு எஃப்.சி. வந்தது. லோடு வண்டிகளை வண்டி ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதி இருக்கிறது என்று கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.சி. காட்டுவது என்று சொல்வோம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணை நிறுத்துவதற்குமுன் என்ன பாடு படுவார்களோ அதே பாடுதான். டிங்கரிங், பெயின்ட், ஒளிர்கிற ஸ்டிக்கர், பிரேக், ஹாரன் எல்லாம் பார்க்க வேண்டும். வயசான வண்டி என்றால் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். அண்ணன் எப்போதும் தென்காசியில் ஒரு ஷெட்டில் விட்டுவிடுவார். எஃப்.சி. வேலை செய்தே பழகிய ஆட்கள் அவர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

"வீட்டுல ஒர்க்‌ஷாப்பு ஆளு இருக்கயில வெளிய எதுக்குண்ணே?" என்று நான்தான் தடுத்தேன்.

அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். "எஃப்.சி. வேலை ஒனக்குப் பழக்கம் உண்டாலே?" என்றார்.

நான் சிரித்தேன். இருபத்துநான்கு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட எஃப்.சி.க்குக் கையெழுத்துப் போடுகிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரின் முகத்தைப் பார்த்ததில்லை. பட்டாள வண்டிகளை எந்த ஆபீஸிலும் கொண்டுபோய் நிறுத்த மாட்டோம். வண்டிக்கு நம்பர் என்றால் எங்களுக்கு அம்புக்குறி போட்டுப் பெயின்டில் எழுதியிருக்கிற நம்பர்தான். அழிந்தால் பிரஷ்ஷை எடுத்து மறுபடி எழுதுவோம். இதையெல்லாம் அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்கலாம். "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க," என்று மட்டும் சொன்னேன்.

ஐந்து நாள் வேண்டும் என்றேன். அந்த ஐந்து நாளும் அண்ணன், தெரிந்த ஒருவரின் லாரிக்கு மாற்று டிரைவராகப் போனார். ஆடி மாதம், குற்றாலத்தில் நல்ல சீசன். குளிக்கப் போகிற வேன்கள் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் சாரல் நாள் முழுக்க விழுந்துகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் அந்தச் சாரலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இரும்பை வைத்துப் பிழைக்கிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும். நேற்றைக்குத் துடைத்து வைத்த ஸ்பேனர் இன்றைக்கு மஞ்சள் பூத்திருக்கும். வேப்பமரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே வேலை பார்த்தேன்.

மூன்றாம் நாள் சேஸுக்கு வந்தேன். எஞ்சின், கேபின், பாடி எல்லாம் உட்கார்ந்திருக்கிற நீளமான இரும்புச் சட்டம்தான் சேஸ். வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், அங்கே சட்டத்தின் வெளிப்பக்கம் துரு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் சக்கரம் அடித்த சேறு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். செதில் போயிற்று, உள்ளே குழி குழியாக இருந்தது. கிரைண்டரை எடுத்தேன். அந்த நேரம் மதினி டீ கொண்டுவந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, அங்கன என்னமோ எழுத்து மாதிரி இருக்கே?"

பார்த்தேன். துருவுக்குள் இரண்டு மூன்று எழுத்து தெரிந்தது. ஒரு எட்டு, ஒரு வளைவு. மற்றதைத் துரு தின்றிருந்தது.

"அது கம்பெனில போடுத பார்ட் நம்பரு மதினி. ஒண்ணும் இல்ல," என்றேன்.

"அழிச்சிராதீய. அவ்வோ வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

சமையல்கட்டிலிருந்து வந்தவள் எனக்கு வண்டியைப் பற்றிச் சொல்கிறாள் என்று சுருக்கென்று கோபம் வந்தது. "துருவ வச்சுக்கிட்டு மேல பெயின்ட் அடிச்சா ஆறு மாசத்துல சட்டம் ஒடிஞ்சிரும். மலையில லோடோட போவயில ஒடியணுமா?" என்று கேட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். புருஷன் மலையில் வண்டி ஓட்டுகிறவர், அவளிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் உள்ளே போனதும் கிரைண்டரை ஓடவிட்டேன். குழி மறைகிறவரை தேய்த்தேன். சட்டம் புதுத் தட்டு மாதிரி மின்னியது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு சொரசொரப்பு இல்லை. ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அது காய்ந்ததும் கறுப்பு இரண்டு கோட்டு. அன்று ராத்திரி டார்ச்சோடு வந்து அதை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

அண்ணன் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "புது வண்டி கணக்கால்லா இருக்கு," என்றார். மதினி டீ டம்ளரை எடுக்க வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

எஃப்.சி. அன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நெற்றியில் திருநீறு. நானும் கூட வந்தேன். வேலை பார்த்தவன் பாராட்டு வாங்க வேண்டாமா? வண்டி ஆபீஸ் மைதானத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. எங்கள் வண்டிதான் எல்லாவற்றிலும் வயசானது, எல்லாவற்றிலும் பளபளப்பானது. பக்கத்து வண்டி டிரைவர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். "யாரு வேலை அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். "எந் தம்பி. மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பு," என்றார் அண்ணன். அதைச் சொல்கையில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்னால் நான்கு வண்டி தள்ளி இருந்தார். அதற்குள் சேஸ் நம்பரைப் பென்சிலில் எடுத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். சட்டத்தில் குத்தியிருக்கிற நம்பர் மேல் பேப்பரை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நம்பர் பேப்பரில் விழும். அந்தப் பேப்பரை ஃபாரத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். வண்டி அதேதான், திருட்டு வண்டி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கு மட்டும் அந்த நிமிஷம்வரை தெரியாது. அண்ணன் வாயிலிருந்து 'சட்டத்தில குத்தியிருக்க நம்பரு' என்று வந்ததும் மதினி குனிந்து பார்த்த அந்த எட்டும் வளைவும் என் கண்முன் வந்தன.

அவர் பேப்பரும் பென்சிலுமாக வலது முன்சக்கரத்துப் பக்கம் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் அசையாமல் இருந்தார்.

"ஏலே, இங்கன வா."

நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். இரண்டு பேரும் அண்ணாந்து அந்தக் கறுப்புப் பெயின்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அவர் கையில் இருந்த பேப்பரில் பென்சில் கரி மட்டும் இருந்தது. எழுத்து இல்லை.

"இங்கன தேச்சியாலே?"

"ஆமாண்ணே. துரு."

"இங்கனதான் நம்பரு இருந்துச்சு."

சாவியால் பெயின்டைச் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே வழவழவென்று இரும்பு. என் வேலை சுத்தமான வேலை. ஒரு கோடுகூட மிச்சமில்லை. அண்ணன் தன் வெள்ளைச் சட்டையின் முதுகில் மண் அப்பியிருக்க, வண்டிக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்தார். வரிசையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். "எங்க போயி? என்னைக்கானாலும் காட்டத்தானலே வேணும்," என்றார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அதை நான் சொல்லியாக வேண்டும். பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், "நல்லா வச்சிருக்கீங்களே," என்று சிரித்தார். பிறகு குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று.

"நம்பரை கிரைண்டர் வச்சுத் தேய்ச்சிருக்கு. யார் செஞ்சது?"

நான் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க வேண்டியது நான். ஒரே ஒரு வார்த்தை. கொஞ்ச நேரத்துக்குமுன் வண்டியைத் தொட்டுப் பார்த்த டிரைவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பு என்று இவர்களிடம்தானே சொன்னார். சேஸ் நம்பர் எது என்று தெரியாத மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பு. அவர்கள் சிரிப்பது என் காதில் அப்போதே கேட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார்," என்றார் அண்ணன். "துரு புடிச்சிக் கெடந்துச்சு. தெரியாமத் தேச்சிட்டேன்."

"எத்தனை வருஷமா வண்டி ஓட்டுறீங்க?"

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு சார்."

"முப்பது வருஷம் ஓட்டுறவருக்கு சேஸ் நம்பர் எங்க இருக்குன்னு தெரியாதா? நான் நம்பணுமா இதை?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு கிரைண்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டும் இல்லை. இன்ஸ்பெக்டர் அனுப்பிவைத்த போலீஸ் ஸ்டேஷனில், தான்தான் தேய்த்தது என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டபோதும் திறக்கவில்லை. நம்பரைச் சோதித்துச் சொல்கிறவரை வண்டி அந்த ஆபீஸ் வளாகத்திலேயே நிற்கட்டும் என்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். என்னைத் திட்டுவார், நாலு பேர் முன்னால் ஒரு அறை விடுவார் என்று காத்திருந்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் பாதி தூரம் வந்த பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ பேசாம இருந்ததும் நல்லதுதாம்லே. ஒனக்கு ஊருல ஒரு பேரு இருக்கு. எனக்கென்ன, டிரைவர்தான்."

குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்குக் கோபித்துக்கொண்டிருப்பேன். அவர் மனதாரத்தான் சொன்னார். என் பெயரை அவர் தன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றினார், நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். அல்வாவை வாங்கிக்கொண்டது மாதிரி.

ஊர் என்றால் சும்மா இருக்குமா. அண்ணன் திருட்டு வண்டி வாங்கி நம்பரை அழித்துவிட்டார் என்று ஒரு வாரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. டீக்கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார்.

"ஒங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லையே. ஏன் இப்படிப் பண்ணினாரு? நீங்களாவது வெவரம் தெரிஞ்சவரு, முன்னமேயே சொல்லியிருக்கலாமுல்லா?"

"எனக்கு என்ன தெரியும்? அவர் வண்டி, அவர் செஞ்சாரு," என்றேன். சொன்ன வாய் இதுதான். மதினி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். டீ மட்டும் வழக்கம்போல் வந்தது. வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவாள்.

வண்டி இல்லை என்றால் எலுமிச்சை காத்திருக்குமா? புளியங்குடி கமிஷன் கடைக்காரர் இரண்டு வாரம் பார்த்தார். பிறகு தானே ஒரு பிக்கப் வாங்கினார். ஓட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. மலைப்பாதையும், அந்தப் பக்கத்துக் கடைகளும், பாதி மலையாளமும் தெரிந்த ஆள் அண்ணன்தானே. அந்தக் கடைக்காரரிடமே அண்ணன் டிரைவராகச் சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் அடுத்தவன் வண்டி, அடுத்தவன் பேச்சு.

ஐந்து மாதம் கழித்து நம்பரைச் சோதிக்கிற நிபுணர் ஒருவர் வந்தார். நானும் போயிருந்தேன். என் கறுப்புப் பெயின்டைத் துடைத்து எடுத்து, சட்டத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, ஏதோ ஒரு திராவகத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். இரும்பில் ஆழமாகக் குத்தினால் அடியில் இருக்கிற இரும்பும் நசுங்குமாம், மேலே தேய்த்தாலும் அந்த நசுக்கல் போகாதாம். அரைமணி நேரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அதே நம்பர். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிபுணர், வண்டி என்னுடையது என்று நினைத்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க, வண்டி உங்களுக்குக் கெடச்சிரும்," என்றார்.

வண்டி கிடைத்தது. நம்பரை மறுபடி குத்த அனுமதி கிடைத்தது, எஃப்.சி.யும் கிடைத்தது. உரிமையாளர் அறியாமையால் செய்துவிட்டார் என்று எழுதி, எச்சரித்து விட்டார்கள். அந்தக் காகிதத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். வண்டியைக் கழுவி, வேப்பமரத்தடியில் நிறுத்தி, அண்ணனிடம் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லோடு யாருலே தருவா? நம்பர அழிச்ச வண்டின்னு பேராயிட்டு. செக்போஸ்ட்டுல வம்பு வரும்னு எல்லாரும் பயப்படுதாவ."

அப்போதுதான், ஏழெட்டு மாதம் தாமதமாக, எனக்குத் தைரியம் வந்தது. கமிஷன் கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் நம்பி அண்ணன் வண்டிக்கு மறுபடி லோடு கொடுத்தால் புளியங்குடி முழுக்கக் கொடுக்கும். மறுநாள் காலை பஸ் ஏறினேன். வழி முழுக்க, என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடை முன்னால் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். அண்ணன் அவருடைய பிக்கப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் கையை நிறுத்தினார். நான் அவர் பக்கம் பார்க்காமல் கடைக்காரரிடம் போனேன்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் வண்டில அந்த நம்பரத் தேச்சது அவர் இல்ல. நான். எனக்கு சேஸ் நம்பருன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஆபீசுல கேட்டப்போ நான் வாயத் தொறக்கல. எனக்காக அவர் பழிய ஏத்துக்கிட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது போல இருந்தது. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"தம்பி, ஒங்க மனசு எனக்குப் புரியுது. கூடப் பொறந்தவனுக்காகத் தன் பேரக் கெடுத்துக்கிட யாரு முன்வருவா? ஆனா மிலிட்டரி ஒர்க்‌ஷாப்புல இருபத்துநாலு வருசம் வேலை பாத்த மனுசன் சேஸ் நம்பரத் தேப்பாருன்னு சொன்னா, பச்சப்புள்ளகூட நம்பாது."

"சத்தியமா நான்தான் அண்ணாச்சி."

"விடுங்க, விடுங்க. நான் யாருட்டயும் சொல்லல," என்று சிரித்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "கேட்டீரா? தம்பின்னா இப்படில்லா இருக்கணும். நீரு பண்ணுனதத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட வந்திருக்காரு. குடுத்து வச்ச ஆளுவே நீரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போன வருஷம்வரை இதே கடைக்காரரை, இதே இடத்தில் நின்றுகொண்டு, அண்ணாச்சி என்று கூப்பிட்டு டீ குடித்துக்கொண்டே பேரம் பேசியவர் அவர்.

"ஆமா மொதலாளி," என்றார்.

குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினார். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, ஆள் அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். ஒரு டீதான் வந்தது. நான் உட்கார்ந்து அதைக் குடித்தேன்.